டெர் ரூஜா, தென்கிழக்கா? மொரிஷியசில் பறவை பார்க்க ஒரு நாள்

மொரிஷியசில் ஒரே ஒரு நாள் ஒதுக்கி ஈரநிலப் பறவைகளைப் பார்க்க வேண்டும், எங்கே போகலாம் என்று கேட்பவர்களிடம் நான் முதலில் கேட்பது, “நீங்கள் எந்த ஊர்?” என்பதைத்தான். ஏதோ குதர்க்கம் என்று சிலர் முகம் சுளிப்பதுண்டு. இந்தத் தீவில் விடை அதைப் பொறுத்தே மாறுகிறது என்பதால் கேட்கிறேன்.

போட்டியில் இருப்பவை முக்கியமாக இரண்டு. ஒன்று, தலைநகர் போர்ட் லூயிசின் வடக்கு விளிம்பில், துறைமுகத்தை ஒட்டியிருக்கும் டெர் ரூஜ் முகத்துவாரப் பறவைகள் சரணாலயம். பரப்பு 26 ஹெக்டேர். 2001இல், உலக முக்கியத்துவம் வாய்ந்த ஈரநிலங்களின் பட்டியலான ராம்சர் பட்டியலில் இடம்பெற்றது. இந்நாட்டிலிருந்து அப்பட்டியலுக்குப் போன முதல் இடம். நம் கோடியக்கரைக்கு அந்தத் தகுதி 2002இல்தான் கிடைத்தது என்பதால், பட்டியல் கணக்கில் இந்தச் சின்னச் சேற்றுத்திட்டு அதற்கு ஒரு வருடம் மூத்தது.

மற்றொன்று தென்கிழக்குக் கரையில் உள்ள புவாந்த் தெனி. 22 ஹெக்டேர் அலையாத்திச் சதுப்பு. 2011இல் ராம்சர் தகுதி பெற்றது. இதை மட்டும் நம்பி ஒரு முழு நாளைச் செலவிட முடியாது. ஆகவே எதிரே கடலுக்குள் தெரியும் எக்ரெத் தீவையும் சேர்த்தே இதை ஒரு பயணமாகக் கொள்கிறேன். எல்லாரும் அப்படித்தான் செய்கிறார்கள்.

டெர் ரூஜை முதல் பார்வையில் யாருக்கும் பிடிக்காது. ஒரு பக்கம் துறைமுகத்துப் பாரந்தூக்கிகளும் கன்டெய்னர் அடுக்குகளும். மறுபக்கம் வடக்கு நோக்கிப் போகும் நெடுஞ்சாலையின் ஓயாத இரைச்சல். மழை பெய்த மறுநாள் போனால், ஓடை ஊருக்குள்ளிருந்து அடித்துக்கொண்டு வந்த பிளாஸ்டிக் புட்டிகள் கரையோரம் ஒதுங்கிக் கிடக்கும். சேற்று நாற்றம் வேறு. படமெடுத்து அனுப்பினால் உறவினர்கள், “மொரிஷியசில் இப்படியும் ஓர் இடமா?” என்பார்கள்.

அந்தச் சேறுதான் விஷயம். சைபீரியாவின் வடபகுதிகளில் முட்டையிட்டுக் குஞ்சு பொரித்துவிட்டு, அங்கே குளிர் தொடங்குமுன் கிளம்பும் கரைப்பறவைகள் இந்தியப் பெருங்கடலைக் கடந்து வந்து இறங்கும் இடம் இது. வளைந்த அலகு உள்ளான், கல்திருப்பி, சாம்பல் உப்புக்கொத்தி, பச்சைக்காலி, கோட்டான் (ஆந்தை அல்ல, நீண்டு வளைந்த அலகுள்ள கரைப்பறவை) வகையில் சிறியது என இவை அக்டோபரில் சேர்ந்து ஏப்ரல் வரை தங்கும். ஆண்டு முழுவதும் இருப்பவை தாழைக்கோழியும், நீர்மேல் சாய்ந்த கிளையில் கழுத்தை இழுத்துக்கொண்டு குந்தியிருக்கும் சின்னப் பச்சைக் கொக்கும்தான்.

நீர் வடிந்து சேறு வெளிப்படும் வேளையில் ஓரமாக நின்று, ஒரே ஓர் உள்ளானைப் பத்து நிமிடம் விடாமல் பாருங்கள். கூட்டத்தைப் பார்ப்பதைவிட இதில் ருசி அதிகம். தலையைக் குனிந்தால் நிமிராது. தையல் இயந்திரத்து ஊசி போல அலகு சேற்றுக்குள் இறங்கி ஏறிக்கொண்டே இருக்கும். கண்ணால் தேடுவதில்லை, அலகின் நுனியால் தடவித் தேடுகிறது. சட்டென்று ஓரிடத்தில் நிற்கும், சற்று ஆழமாகக் குத்தும், வெளியே வரும்போது அலகில் ஒரு புழு நெளியும். இரண்டடி தள்ளி உப்புக்கொத்தியின் முறை முற்றிலும் வேறு: ஓடும், நிற்கும், உற்றுப் பார்க்கும், ஒரு கொத்து, மறுபடி ஓட்டம். அதன் அலகு குட்டை, கண் பெரிது. கல்திருப்பியோ அலகைக் கல்லுக்கடியில் கொடுத்து நெம்பிப் புரட்டிவிட்டு, அடியில் பதுங்கியிருந்தது ஓடுமுன் பிடித்துவிடுகிறது. ஒரே சேற்றில் ஒன்றோடொன்று சண்டையில்லாமல் இத்தனை இனங்கள் பிழைப்பது எப்படி என்பது அலகுகளின் நீளத்தைப் பார்த்தாலே விளங்கிவிடும்.

நேரம் பார்த்துப் போவது இங்கே முக்கியம். கடல் ஏற்ற இறக்க அட்டவணையைப் பார்த்து, நீர் வடியத் தொடங்கும்போது போய்ச் சேர வேண்டும். இத்தீவில் ஏற்றத்துக்கும் இறக்கத்துக்கும் உள்ள வித்தியாசம் ஒரு மீட்டருக்கும் குறைவுதான். ஆனாலும் அந்தச் சில அங்குல நீரே பறவைக்கு உணவு எட்டுமா எட்டாதா என்பதைத் தீர்மானிக்கிறது. காலை நேரம் இன்னொரு வகையிலும் நல்லது. இது மேற்குக் கரை. கடலைப் பார்த்து நின்றால் வெயில் முதுகில் விழும், பறவையின் நிறம் தெளியும். மாலையில் கறுப்பு நிழல்களைத்தான் எண்ண வேண்டியிருக்கும்.

மாதத்தைத் தேர்ந்தெடுக்க முடிந்தால் மார்ச் பிற்பகுதி. தை மாதம் முழுக்கச் சாம்பலாக, அழுக்காகத் தெரிந்த அதே உள்ளான்களின் நெஞ்சிலும் வயிற்றிலும் செங்கல் நிறம் ஏறத் தொடங்கியிருக்கும். வடக்கே திரும்புவதற்கான உடுப்பு அது. முதல் ஆண்டுக் குஞ்சுகளில் பல திரும்புவதில்லை. ஜூனிலும் சாம்பல் நிறத்திலேயே இங்கே திரிந்துகொண்டிருக்கும்.

போக்குவரத்து சுலபம். நான் இருக்கும் ரோஸ் ஹில்லிலிருந்து மெட்ரோவில் போர்ட் லூயிஸ், அங்கிருந்து வடக்கே போகும் பஸ், பிறகு கொஞ்சம் நடை. இடம் அரசின் தேசியப் பூங்காத் துறை வசம் இருப்பதால், கிளம்புமுன் அலுவலகத்துக்கு ஒரு போன் போட்டு, எந்த நாள் எந்த நேரம் உள்ளே விடுவார்கள் என்று கேட்டுக்கொள்வது நல்லது. உள்ளே தின்பதற்கு ஒன்றும் கிடைக்காது. போர்ட் லூயிசிலேயே தால் பூரி வாங்கிப் பையில் வைத்துக்கொள்ளுங்கள்.

தென்கிழக்கு வேறு உலகம். கியூர்பிப் வரை மெட்ரோ, பின் மாயேபூர் பஸ், அங்கிருந்து இன்னொரு பஸ் என்று பாதி காலை வழியிலேயே கழிந்துவிடும். அந்த வழியில் விமான நிலையத்தை ஒட்டி மார் ஓ சோஞ்ஜ் என்று ஒரு பழைய சதுப்பு உண்டு. மாயேபூரில் பள்ளி ஆசிரியராக இருந்த ஜார்ஜ் கிளார்க் 1865இல், அழிந்துபோன டோடோ பறவையின் எலும்புகளைத் தோண்டியெடுத்தது அங்கேதான். உலக அருங்காட்சியகங்களில் இருக்கும் டோடோ எலும்புகளில் பெரும்பகுதி அந்தச் சேற்றிலிருந்து போனவை. ஈரநிலத்தைப் பார்க்கக் கிளம்பியவர் அதைத் தாண்டிப் போகிறோம் என்பதையாவது தெரிந்துகொண்டு போகலாம்.

எக்ரெத் தீவுக்கு நினைத்த நேரத்தில் போக முடியாது. மொரிஷியஸ் வனவிலங்கு அறக்கட்டளை நடத்தும் வழிகாட்டிச் சுற்றுக்கு முன்பதிவு செய்ய வேண்டும். புவாந்த் ஜெரோமிலிருந்து படகு. டிக்கெட் மலிவில்லை. சுற்றிக்காட்டுபவர் சொல்லும் பாதையில், சொல்லும் வேகத்தில்தான் நடக்க வேண்டும். கூட்டத்தில் ஒரு குழந்தை அழுதால் பறவை போய்விடும். தனியாக உட்கார்ந்து பார்க்கப் பழகியவருக்கு இது எரிச்சல் தரும், எனக்குத் தருகிறது.

எரிச்சலையெல்லாம் இளஞ்சிவப்புப் புறா தீர்த்துவிடுகிறது. 1990 வாக்கில் காட்டில் மிஞ்சியிருந்தவை பத்துப் பறவைகள் அளவுக்கே. கூண்டில் இனப்பெருக்கம் செய்து, எலி, பூனைகளிலிருந்து காத்து, கூடுதல் தீனி வைத்து மீட்டெடுத்தார்கள். இன்று சில நூறு இருக்கின்றன. 2018இல் அதன் அழிவு அபாயத் தரத்தைப் பன்னாட்டு இயற்கைப் பாதுகாப்பு அமைப்பு (IUCN) ஒரு படி குறைத்தது. தீவில் அது தலைக்கு மேலே கைக்கெட்டும் உயரக் கிளையில் வந்து உட்காரும். தலையும் நெஞ்சும் வெளிறிய ரோஜா நிறம், சிறகு பழுப்பு, வால் துருவேறிய செம்பழுப்பு. காலைக் கவனியுங்கள்: வண்ண வளையங்கள் மாட்டியிருப்பார்கள். அந்த நிற வரிசையைப் படித்து, இது எந்தப் பறவை, எப்போது பொரிந்தது என்று வழிகாட்டியால் சொல்லிவிட முடியும். மிச்சமிருப்பவற்றைத் தனித்தனியே அடையாளம் வைத்துக் கவனிக்க வேண்டிய நிலை என்பது இதிலிருந்தே புரியும்.

இன்னொன்று மொரிஷியஸ் ஃபோடி என்ற சிறு குருவி. இங்கே பலர் ஏமாறுவது உண்டு. மழைக்காலத்தில் ஊரெங்கும் வேலியில் உட்கார்ந்திருக்கும் உடம்பெல்லாம் சிவந்த குருவி மடகாஸ்கரிலிருந்து வந்தது. மொரிஷியஸ் ஃபோடியின் ஆணுக்குத் தலையும் மேல் நெஞ்சும் மட்டும்தான் சிவக்கும். இவற்றோடு கருங்காலி மரங்கள், பெரிய நில ஆமைகள், பாதையில் குறுக்கே ஓடும் அரணைகள். பிள்ளைகளோடு போகிறவர்களுக்கு இதற்கு ஈடு இல்லை.

ஆனால் இது ஈரநிலமா? இல்லை, பவளச் சுண்ணாம்புப் பாறைமீது வளர்ந்த காடு. ஈரநிலம் கரையில் இருக்கும் அலையாத்திச் சதுப்பு. அங்கே பறவை எண்ணிக்கை மிகவும் குறைவு. ஒரு கொக்கு, ஒரு தாழைக்கோழி, அதிர்ஷ்டம் இருந்தால் ஒரு பச்சைக்காலி. மரங்களின் ஊன்று வேர்களையும் நண்டுகளையும் பார்த்துவிட்டு வரலாம். 2020 ஜூலையில் வகாஷியோ என்ற கப்பல் இந்தக் கரைக்கு எதிரேதான் பவளத்திட்டில் மோதி நின்றது. ஆகஸ்டில் எண்ணெய் கசிந்து கரையெல்லாம் கறுத்தது. கரும்புத் தோகையைத் துணிக்குள் திணித்து மிதவைத் தடுப்பு செய்த மக்களில் நம் தமிழ்க் குடும்பங்களும் இருந்தன. அந்த வரலாற்றுக்காக நின்று பார்க்க வேண்டிய இடம், பறவைக்காக அல்ல.

இப்போது ‘எந்த ஊர்’ என்ற கேள்விக்கு வருகிறேன். தமிழ்நாட்டிலிருந்து வந்திருந்த அண்ணன் மகனை டெர் ரூஜுக்கு அழைத்துப்போனேன். சற்று நேரம் தொலைநோக்கியில் பார்த்துவிட்டு, “சித்தப்பா, இதெல்லாம் கோடியக்கரையிலேயே இருக்கிறதே” என்றான். உண்மைதான். அதே உள்ளான், அதே கல்திருப்பி; அங்கே இன்னும் பெருங்கூட்டமாக. அவனுக்கு டெர் ரூஜ் வீண். சென்னையிலோ நாகப்பட்டினத்திலோ இருந்து வருகிறவர் யோசிக்காமல் தென்கிழக்கே போக வேண்டும். அந்தப் புறாவை உலகில் வேறெந்த நாட்டுக் காட்டிலும் பார்க்க முடியாது.

இந்நாட்டிலேயே பிறந்து வளர்ந்தவர்களுக்கு என் பரிந்துரை நேர் எதிர். எங்கள் தெருவில் இருக்கும் ஒரு மூத்த அம்மா, “தம்பி, எக்ரெத் தீவைப் பேரப்பிள்ளைகளின் பள்ளியோடு போய்ப் பார்த்துவிட்டேன். துறைமுகத்துப் பக்கம் என்ன இருக்கிறது, காக்கையா?” என்று கேட்டார். கடற்கரைக்குப் போக அந்த நெடுஞ்சாலையைத்தான் அவரும் காலமெல்லாம் கடந்திருக்கிறார். இங்கே அன்றாடம் கண்ணில் படும் பறவைகள் பெரும்பாலும் வந்தேறிகள். மைனாவை வெட்டுக்கிளியைத் தின்னவென்று 1762இல் இந்தியாவிலிருந்து கொண்டுவந்தார்கள். சிவப்பு மீசைச் சின்னான் 1892இல் வந்தது. காக்கை கப்பலேறித் தானாக வந்தது. நம் முன்னோரும் கப்பலில் வந்தவர்கள்தான் என்பதால் நான் அவற்றைக் குறை சொல்வதில்லை. ஆனால் யாரும் கூண்டில் வைத்துக் கொண்டுவராமல், ஆண்டுதோறும் தன் சிறகாலேயே வந்து திரும்பும் பறவை, மெட்ரோவும் பஸ்ஸும் ஏறினால் எட்டிவிடும் தூரத்தில் இருக்கிறது. அந்த அம்மாவைப் போன்றவர்கள் அரை நாள் ஒதுக்கினால் போதும்.

மூன்றாவதாக வடகிழக்கில் பிரா தோ தேசியப் பூங்காவையும் சிலர் சொல்வார்கள். கடலோரம் கல்சுவர் கட்டி அடைத்த பழைய மீன்குட்டைகளும், இடிந்த சர்க்கரை ஆலைச் சுவர்களும், நிழலான காட்டுப் பாதையும் உண்டு. அரசவால் ஈப்பிடிப்பானின் இத்தீவு வகை அங்கே இருக்கிறது; இதற்கு நீண்ட வால் கிடையாது. கூட்டமும் படகும் வேண்டாதவருக்கு நல்ல இடம். நீர்ப்பறவை மட்டும் போதும் என்பவருக்கு அவ்வளவாகப் பயனில்லை.

வயதானவர்கள் உடன் வந்தால் எக்ரெத் தீவில் படகிலிருந்து இறங்குவதுதான் சங்கடம். டெர் ரூஜில் நடை குறைவு, ஆனால் நெடுநேரம் நிற்க வேண்டும். இரண்டையும் ஒரே நாளில் முடித்துவிடலாம் என்று கார் வைத்திருப்பவர்கள் திட்டம் போடுவார்கள். வேண்டாம். காலை நெரிசலில் போர்ட் லூயிசைக் கடப்பதற்குள் படகு போய்விடும். படகைப் பிடித்தால் நீர் வடியும் நேரம் போய்விடும். தென்கிழக்குப் போகிறவர் மிச்ச நேரத்துக்கு ஃபெர்னே பள்ளத்தாக்கைச் சேர்த்துக்கொள்ளலாம். 1974இல் காட்டில் நான்கே நான்காகக் குறைந்துபோன மொரிஷியஸ் வல்லூறு அங்கே இருக்கிறது.

திங்கட்கிழமை போனால் மாயேபூரில் சந்தை. காத்தோ பிமாங் சூடாகக் கிடைக்கும், நம் பருப்பு வடையின் தம்பி. தைப்பூசத்தன்று மட்டும் எங்கும் போகத் திட்டமிடாதீர்கள். பறவைகள் இருக்கும், ஆனால் சாலைகளில் காவடிக்குத்தான் வழி, அன்று விடுமுறையும்கூட. இரண்டு இடத்துக்கும் கொசு மருந்து எடுத்துக்கொள்ளுங்கள். தொப்பி அடர் நிறத்தில் இருக்கட்டும். வெள்ளைத் தொப்பியைக் கண்டால் கோட்டான் முதலில் கிளம்பும், பின்னாலேயே மற்றவையும் கிளம்பிவிடும்.