உஸெஸ் போகிறவர்களுக்கு: டாக்சி விளக்கின் நிறத்தையும் சோப்பு லேபிளையும் பார்த்துக்கொள்ளுங்கள்

தென் பிரான்சில் நீம் நகருக்கு வடக்கே இருக்கும் சின்ன ஊர் உஸெஸ். இங்கே கோடையில் வெளியூர்க்காரர்களின் பணம் மீட்டரிலும் லேபிளிலும் பறிபோகிறது. ஊருக்கு ரயில் கிடையாது. அதனால் முதல் அடி பெரும்பாலும் பக்கத்து நகரான அவிஞ்ஞோனின் டி.ஜி.வி. (அதிவேக ரயில்) நிலைய வாசலிலேயே விழுந்துவிடுகிறது.

வார நாள், பட்டப்பகல். உஸெஸுக்கு ஏறிய குடும்பத்திடம் ஒரு டாக்சிக்காரர் இரவுக்குரிய டி கட்டணத்தைப் போட்டு ஓட்டியிருக்கிறார். இறங்கும்போது கார்டு மெஷின் பழுது என்று ரொக்கமாக வாங்கிக்கொண்டார், ரசீதும் தரவில்லை. இந்த மூன்றுமே விதிமீறல். பிரான்சில் பாரிசுக்கு வெளியே டாக்சிக்கு நான்கு கட்டணங்கள் உண்டு. கூரை விளக்குக்குக் கீழே எரியும் சிறு விளக்கு, எது ஓடுகிறது என்பதைக் காட்டிவிடும். வண்டி ஆளோடு திரும்பும் பயணத்துக்குப் பகலில் ஏ (வெள்ளை), இரவில் பி (ஆரஞ்சு). காலியாகத் திரும்பவேண்டிய பயணத்துக்குப் பகலில் சி (நீலம்), இரவில் டி (பச்சை). இரவு என்பது மாலை 7 முதல் காலை 7 வரை. ஞாயிறும் அரசு விடுமுறை நாட்களும் இரவுக் கட்டணத்தில்தான் சேரும். உஸெஸிலிருந்து வண்டி காலியாகத் திரும்புமென்றால் சி கேட்பது நியாயம்தான், அதில் சண்டைக்குப் போகாதீர்கள். செவ்வாய்க்கிழமை மதியம் பச்சை எரிந்தால் மட்டும் உடனே கேளுங்கள். கார்டை ஏற்பது சட்டப்படி கட்டாயம். 25 யூரோவும் அதற்கு மேலும் ஆனால் கேட்காமலே ரசீது தரவேண்டும். அந்த ரசீது இல்லாமல் மாவட்ட அரசு அலுவலகமான பிரெஃபெக்சரில் புகார் கொடுத்தால் எடுபடுவது கடினம்.

டாக்சியே வேண்டாம் என்றால், டி.ஜி.வி. நிலையத்திலிருந்து சில நிமிட ரயிலில் அவிஞ்ஞோன் சென்டர் போய், பக்கத்துப் பேருந்து நிலையத்தில் லியோ என்ற வட்டார அரசுப் பேருந்தைப் பிடியுங்கள். செலவு சில யூரோதான். ஞாயிறன்று வண்டிகள் குறைவு.

அடுத்தது பிளாஸ் ஓ ஸெர்ப் சதுக்கத்தின் சனிக்கிழமைச் சந்தை. அருமையான சந்தை, போகாமல் இருக்காதீர்கள். ஆனால் வண்ண வண்ணமாக அடுக்கிய "மார்செய் சோப்பை" நம்பி வாங்காதீர்கள். அந்தப் பெயருக்குச் சட்டப் பாதுகாப்பு இல்லாததால் எந்த நாட்டில் செய்த சோப்பிலும் அதை அச்சடிக்கலாம். பழைய முறையில் கொப்பரையில் காய்ச்சிய கட்டி பச்சையாகவோ வெளிர் மஞ்சளாகவோ இருக்கும், மேலே 72% எண்ணெய் என்ற முத்திரை இருக்கும். உட்பொருள் வரிசையில் சோடியம் ஒலிவேட், கோகோவேட், பாமேட் போன்ற தாவர எண்ணெய்ப் பெயர்கள்தான் வரவேண்டும். சோடியம் டாலோவேட் என்றிருந்தால் அது மாட்டுக் கொழுப்பு. சைவர்கள் இதைக் கட்டாயம் பார்க்கவேண்டும். வாசனைப் பொருளும் செயற்கை நிறத்தைக் குறிக்கும் எண்ணும் இருந்தால் அது வெறும் வாசனை சோப்பு, அதற்குரிய விலையே போதும்.

லாவெண்டர் எண்ணெயிலும் இதே கதை. மலிவான லாவெண்டினை உயர்ரக லாவெண்டர் விலைக்குத் தள்ளிவிடுகிறார்கள். லாவெண்டின் கலப்பினச் செடி, பல மடங்கு எண்ணெய் தரும், முகர்ந்தால் கற்பூர நெடி அடிக்கும். புட்டியில் தாவரப் பெயர் "லவண்டுலா அங்குஸ்டிஃபோலியா" என்றிருக்கவேண்டும். "இன்டர்மீடியா" அல்லது "ஹிப்ரிடா" என்றிருந்தால் லாவெண்டின். ஓட் புரோவான்ஸ் லாவெண்டர் என்ற பாதுகாக்கப்பட்ட முத்திரை 1981 முதல் உண்டு. அது 800 மீட்டர் உயரத்துக்கு மேல் விளைவதற்கு மட்டும்தான். உஸெஸ் இருக்கும் கார் (Gard) மாவட்டம் அந்த எல்லைக்குள்ளேயே வராது. ஆகவே "இந்த ஊர்த் தோட்டத்து எண்ணெய்" என்று சொல்லி அந்த முத்திரையைக் காட்டினால் இரண்டில் ஒன்று பொய்.

ஜூலையில் "கறுப்பு ட்ரஃபிள்" (மண்ணுக்குள் விளையும் மணமுள்ள காளான் வகை) என்று விற்பதையும் வாங்காதீர்கள். உண்மையான கறுப்பு ட்ரஃபிள் குளிர்காலத்துப் பொருள். கோடை ட்ரஃபிளை வெட்டினால் உள்ளே வெளிர் பழுப்பாக இருக்கும், மணமும் விலையும் வெகு குறைவு. ட்ரஃபிள் எண்ணெயில் "அரோம்" (வாசனைப் பொருள்) என்ற சொல் இருந்தால் மணம் புட்டியில் சேர்த்தது.

உணவகங்களில் சேவைக் கட்டணம் விலைக்குள்ளேயே அடக்கம். கார்டு மெஷின் டிப்ஸ் கேட்டால் பூஜ்யம் அழுத்தலாம். சாப்பாட்டோடு "கராஃப் தோ" என்று கேட்டால் குழாய்த் தண்ணீர் இலவசம். "தண்ணீர்" என்று மட்டும் சொன்னால் புட்டியைத் திறந்துவைத்துக் காசு போட்டுவிடுவார்கள்.

ரோமானியர் காலத்து நீர்க்கால்வாய்ப் பாலமான பொன் து காருக்குக் கொலியாஸ் ஊரிலிருந்து 8 கி.மீ. படகு ஓட்டிப் போகலாம். ஆகஸ்ட் வறட்சியில் கார்தோன் ஆறு சில இடங்களில் கணுக்கால் அளவுக்கு வற்றிப்போய், படகைக் கல்லின்மேல் இழுத்துக்கொண்டு நடக்கவேண்டி வரும். அதைச் சொல்லாமலே முழு வாடகை வாங்குகிறவர்கள் உண்டு. அன்றைய நீர்மட்டத்தைக் கேட்டுவிட்டு அப்புறம் பணம் கட்டுங்கள். பாலத்தின் உச்சித் தளத்துக் கால்வாய்க்குள் வழிகாட்டியோடு மட்டுமே விடுவார்கள். அந்தக் கால்வாய்க்குத் தண்ணீர் தந்த யூர் ஊற்று உஸெஸுக்குக் கீழே பள்ளத்தாக்கில்தான் இருக்கிறது, நடந்துபோய்க் காசில்லாமல் பார்க்கலாம்.

ஆகஸ்ட் நடுவில் லாவெண்டர் வயல்களுக்குப் பேர்போன வலான்சோலுக்கு "லாவெண்டர் சுற்றுலா" விற்றால் வாங்கவே வாங்காதீர்கள். போக மட்டும் இரண்டு மணி நேரத்துக்கு மேல் ஆகும், அறுவடையோ ஜூலையிலேயே தொடங்கிவிடும். அறுத்த தூர்களை மட்டும் காட்டிக் கூட்டிவந்தால், விளம்பரத்தையும் ரசீதையும் படமெடுத்து அரசின் நுகர்வோர் புகார்த் தளமான சிக்னல்கான்சோவில் ஏற்றுங்கள். கடை, உணவகப் புகார்களுக்கும் அதே இடம்தான்.