கூரைமேல் மோடம், வீட்டுக்குள் ரவுட்டர்: மைக்ரோடிக் எஸ்எக்ஸ்டி எல்டிஇ6 மதிப்புரை

கோத்தகிரிக்கு அப்பால், தேயிலைச் சரிவின் ஓரத்தில் இருக்கும் எங்கள் வீட்டுக்கு ஃபைபர் கேபிள் இன்னும் வந்து சேரவில்லை. எதிர்மலை டவரிலிருந்து வரும் 4ஜி சிக்னல்தான் எங்களுக்கு இணையம். வீட்டுக்குள் அது இரண்டு கோட்டைத் தாண்டுவதில்லை என்பதால், சிம் போட்ட மோடத்தைக் கூரையில் பொருத்தி, அங்கிருந்து ஓர் ஈதர்நெட் கேபிளை இறக்கி, கூடத்தில் இருக்கும் ரவுட்டரில் செருகுவது என்று முடிவு செய்தேன். அந்த ரவுட்டரில் ஓப்பன்டபிள்யூஆர்டி மென்பொருளை ஏற்றி, வைஃபை, கேமரா, பிள்ளைகளுக்கான நேரக் கட்டுப்பாடு, என் மனைவியின் அலுவலக வி.பி.என். ஆகிய எல்லாவற்றையும் அதிலேயே ஒழுங்குபடுத்தி வைத்திருக்கிறேன். ஆகவே மோடம் சிக்னலை வாங்கிக் கொடுத்தால் போதும். முகவரிப் பங்கீடு, ஃபயர்வால் முதலிய வேலைகளில் அது தலையிடக் கூடாது. மோடத்தை இப்படி ஒதுங்கி நிற்கச் செய்வதைத்தான் பிரிட்ஜ் மோட் என்கிறோம்.

இந்த வேலைக்காக நான் இரண்டாவதாக வாங்கிய மைக்ரோடிக் எஸ்எக்ஸ்டி எல்டிஇ6 எட்டு மாதமாகக் கூரையில் இருக்கிறது. ரவுட்டர் அமைப்புகளைத் திறந்து பார்த்துப் பழகியவர்களுக்கு இதைத் தயங்காமல் பரிந்துரைப்பேன். ஆனால் அதன் அருமை, முதல் மோடத்தோடு கழிந்த ஐந்து வாரங்களைச் சொல்லாமல் விளங்காது. அதன் பெயர் இங்கே தேவையில்லை; அதில் கண்ட சிக்கல்கள் பல சிம் மோடங்களுக்கும் பொதுவானவை.

அந்த மோடத்தின் பக்கத்தில் பிரிட்ஜ் மோட் என்று ஒரே ஒரு சுவிட்ச் இருந்தது. அதைப் போட்டுவிட்டு லேப்டாப்பை நேரடியாகச் செருகினேன், இணையம் வந்தது. அதே கேபிளை ரவுட்டரின் வான் (WAN) துளைக்கு, அதாவது வெளி இணையம் நுழையும் துளைக்கு, மாற்றினேன், வரவில்லை. ரவுட்டரை இரண்டு முறை அணைத்துப் போட்டும் பயனில்லை. ரவுட்டரில் குறை என்று நம்பி ஒரு மாலை முழுவதையும் அதிலேயே செலவிட்டேன். உண்மையில் மோடம் தன் முகவரியை முதலில் பேசிய கருவிக்கு, அதாவது லேப்டாப்பின் மேக் முகவரிக்கு (ஒவ்வொரு கருவிக்கும் உரிய வன்பொருள் அடையாள எண்), ஒதுக்கிவிட்டிருந்தது. மொபைல் வலையமைப்பு கொடுப்பது ஒரே ஒரு ஐபி முகவரி. அதை இரண்டு கருவிகளுக்குப் பகிர முடியாது. மோடத்தின் மின்சாரத்தைத் துண்டித்து, ரவுட்டரை மட்டும் செருகிய நிலையில் மீண்டும் ஏற்றியபோது சிக்கல் தீர்ந்தது. லேப்டாப்பில் வருகிறது, ரவுட்டரில் வரவில்லை என்று யாராவது சொன்னால், நான் முதலில் கேட்பது மோடத்தை அணைத்துப் போட்டீர்களா என்பதைத்தான்.

இங்கே ஓர் அடிப்படையைச் சொல்லிவிட வேண்டும். கேபிள் மோடமோ ஃபைபர் பெட்டியோ பிரிட்ஜ் ஆகும்போது ஈதர்நெட் சட்டகங்கள், அதாவது கேபிளில் ஓடும் தரவுத் துண்டுகள், உண்மையாகவே ஒரு பக்கத்திலிருந்து மறுபக்கத்துக்குக் கடக்கின்றன. எல்டிஇ, அதாவது 4ஜி, இணைப்பில் அப்படி எதுவும் நடப்பதில்லை. டவருக்கும் மோடத்துக்கும் இடையில் ஈதர்நெட்டே கிடையாது. மேக் முகவரியும் இல்லை, பக்கத்துக் கருவியைத் தேடும் ஏஆர்பி கேள்வியும் இல்லை. சிம் பதிவாகும்போது சமிக்ஞை வழியாகவே ஒரு தனி ஐபி முகவரி மோடத்துக்கு வந்து சேருகிறது. அந்த முகவரியைக் கேபிள் பக்கம் ஒப்படைக்க வேண்டுமென்றால், மோடம் ஒரு டிஎச்சிபி சர்வராக, அதாவது கேட்கும் கருவிக்குத் தானாக முகவரி வழங்கும் சர்வராக, நடந்துகொள்ள வேண்டும். ரவுட்டர் கேட்கும் சப்நெட் மாஸ்க்கையும் (தன் வலையின் எல்லையைக் காட்டும் எண்) கேட்வே முகவரியையும் (வெளியே போகும் வாசல்) தானே புனைந்து கொடுக்க வேண்டும். ஆகவே செல்லுலார் மோடத்தின் பிரிட்ஜ் மோட் என்பது பிரிட்ஜ் அல்ல, முகவரிக்கு வழிவிடும் ஓர் ஏற்பாடு. மைக்ரோடிக் இதற்குப் பாஸ்த்ரூ என்றே பெயர் வைத்திருப்பது எனக்கு நேர்மையாகப் படுகிறது. இந்த இடைவேலையை மோடம் எப்படிச் செய்கிறது என்பதில்தான் பெரும்பாலான கோளாறுகள் ஒளிந்திருக்கின்றன.

முதல் மோடத்தின் இரண்டாவது சிக்கல் இதற்கு நல்ல சான்று. மூன்று நாளைக்கு ஒரு முறை, பெரும்பாலும் அதிகாலையில், இணையம் நின்றுவிடும். மோடத்தின் விளக்குகள் எல்லாம் பச்சை, சிக்னலும் குறையவில்லை. ரவுட்டரை அணைத்துப் போட்டால் சரியாகிவிடும். பதிவேட்டைப் படித்த பிறகுதான் புரிந்தது: மொபைல் வலையமைப்பு இணைப்பை முறித்து மீண்டும் ஏற்படுத்தும்போது புதிய ஐபி முகவரி வருகிறது, ஆனால் மோடம் ரவுட்டருக்கு 24 மணி நேரக் குத்தகையில் பழைய முகவரியைக் கொடுத்து வைத்திருக்கிறது. 1997-இல் வெளியான டிஎச்சிபி வரையறைப்படி, குத்தகையின் பாதி நேரம் கழிந்த பிறகே கருவி புதுப்பிக்கக் கேட்கும். அதாவது 12 மணி நேரம் வரை ரவுட்டர் செத்துப்போன முகவரியை நம்பிக்கொண்டே இருக்கும். முகவரி மாறும்போது மோடம் தன் ஈதர்நெட் இணைப்பை ஒரு கணம் அறுத்துவிட்டுச் சேர்த்தால் ரவுட்டர் உடனே விழித்துக்கொள்ளும். அந்த மோடம் அதைச் செய்யவில்லை. குத்தகை நேரத்தைக் குறைக்கவும் அதில் இடமில்லை. வெளியில் உள்ள ஒரு முகவரியை நிமிடத்துக்கு ஒரு முறை பிங் செய்து, தொடர்ந்து பதில் வராவிட்டால் வான் இணைப்பைப் புதுப்பிக்கும் சிறு நிரலை ரவுட்டரில் எழுதி வைத்துச் சமாளித்தேன்.

மழைக்காலத்தில் இதற்கு இன்னொரு வடிவமும் உண்டு. டவரில் மின்சாரம் போய்ச் சிக்னல் அறவே இல்லாதபோது, சில மோடங்கள் தம் நிர்வாகப் பக்கம் திறக்கட்டும் என்பதற்காக 192.168 என்று தொடங்கும் ஓர் உள்முகவரியை ரவுட்டருக்குக் கொடுத்துவிடும். டவர் திரும்பி வந்த பிறகும் ரவுட்டர் அதையே பிடித்துக்கொண்டு நிற்கும். பிஎஃப்சென்ஸ் போன்ற ஃபயர்வால்களில் குறிப்பிட்ட சர்வரிடமிருந்து வரும் குத்தகையை மறுக்கும் வசதி இதற்காகவே இருக்கிறது. அந்த உள்முகவரியும் வீட்டு வலையமைப்பும் ஒரே வரிசையில் இருந்தால், இரண்டும் 192.168.1 என்று தொடங்கினால், குழப்பம் இன்னும் பெரிதாகும்; ரவுட்டருக்கு எது உள்ளே, எது வெளியே என்றே தெரியாது. பிரிட்ஜ் மோடத்தை வாங்குவதற்கு முன்பே வீட்டு வரிசையை அதிகம் புழங்காத ஒன்றுக்கு மாற்றிவிடுவது நல்லது.

எனக்கு மிகுந்த நேரத்தை விழுங்கியது இவை எதுவும் அல்ல, பொட்டலத்தின், அதாவது தரவு பிரிந்து போகும் ஒவ்வொரு துண்டின், அளவு. இணையம் இருக்கிறது, பிங் போகிறது, சிறிய பக்கங்கள் திறக்கின்றன. ஆனால் மனைவியின் வி.பி.என். இணைந்த பிறகு எதுவும் நகரவில்லை, சில வங்கிப் பக்கங்கள் பாதியில் உறைந்து நின்றன. மொபைல் வலையமைப்பு நம் பொட்டலங்களை வேறொரு உறைக்குள் இட்டு எடுத்துச் செல்வதால், ஈதர்நெட்டின் 1500 பைட்டைவிடக் குறைந்த அளவையே பெரும்பாலும் அனுமதிக்கிறது. மோடமே ரவுட்டராக வேலை செய்யும்போது வானலைப் பக்கத்தின் அளவு அதற்குத் தெரியும்; டிசிபி இணைப்புகளை அதற்கேற்ப அது சுருக்கிக்கொள்ளும். பிரிட்ஜ் மோட் போட்டவுடன் அந்தப் பொறுப்பு வீட்டு ரவுட்டருக்கு வந்துவிடுகிறது, அந்தத் தகவலோ வந்து சேருவதில்லை. ரவுட்டருக்குத் தெரிந்ததெல்லாம் தன் துளையில் செருகியிருக்கும் ஈதர்நெட் கேபிள் மட்டுமே. அதனால் 1500 என்றே கணக்கிடுகிறது. ஓப்பன்டபிள்யூஆர்டியில் அளவைச் சுருக்கும் வசதி வான் பகுதிக்கு இயல்பாகவே இயங்கினாலும், அதுவும் இந்தத் தவறான எண்ணிலிருந்தே தொடங்குகிறது.

சோதிப்பது எளிது. துண்டாக்கக் கூடாது என்ற நிபந்தனையோடு 1472 பைட் பிங் அனுப்ப வேண்டும். தலைப்பகுதியின் 28 பைட்டையும் சேர்த்தால் அது 1500. பதில் வராவிட்டால் சிறிது சிறிதாகக் குறைத்து எங்கே கடக்கிறது என்று பார்க்க வேண்டும். என் இணைப்பில் மொத்தம் 1400 பைட்டில் கடந்தது. வான் துளையின் எம்டியுவை, அதாவது பொட்டலத்தின் உச்ச அளவை, 1400 என்று எழுதிய நிமிடத்திலிருந்து வி.பி.என். ஓடுகிறது. கேமராவைப் பார்க்க நான் வைத்திருக்கும் வயர்கார்டு என்ற வி.பி.என். சுரங்கத்துக்கும் இதே கணக்குதான்: ஐபிவி4 வழியாகப் போகும்போது அது 60 பைட்டைத் தனக்கு எடுத்துக்கொள்ளும், ஆகவே அதன் இயல்பான 1420-ஐ 1340 ஆகக் குறைத்தேன்.

இனி மைக்ரோடிக். லாட்வியாவின் ரீகா நகரைச் சேர்ந்த இந்நிறுவனத்தின் ரவுட்டர்ஓஎஸ் மென்பொருளில் எல்டிஇ பாஸ்த்ரூ வசதி 6.41 பதிப்பிலிருந்து இருக்கிறது. எஸ்எக்ஸ்டி எல்டிஇ6 என்பது ஆன்டெனா, மோடம், கணினி மூன்றும் ஒரே பெட்டிக்குள் அடங்கிய வெளிப்புறக் கருவி; மின்சாரமும் தரவும் ஒரே ஈதர்நெட் கேபிளில் ஏறுகின்றன. கேபிளைக் கூரைக்கு ஏற்றி, எதிர்மலையை நோக்கித் திருப்பி, சிக்னல் வலிமையைக் காட்டும் ஆர்எஸ்ஆர்பி அளவைப் பார்த்துக்கொண்டே மெல்ல நகர்த்தினேன்; அது சுழியை நெருங்க நெருங்க நல்லது. வீட்டுக்குள் -112 இருந்த இடத்தில் இங்கே -97 கிடைத்தது. நம் நாட்டு 4ஜி அலைவரிசைகளான 3, 5, 40 ஆகியவற்றை இது எடுக்கிறது. வேண்டுமானால் ஒன்றில் மட்டும் பூட்டி வைக்கலாம். வேகம் நேரத்தைப் பொறுத்தது. மாலை ஏழு மணிக்குக் குறைவதை எந்தக் கருவியும் தடுக்க முடியாது.

பாஸ்த்ரூ அமைப்பில் இரண்டு விவரங்கள் இக்கருவியை எனக்கு நெருக்கமாக்கின. ஒன்று, எந்த மேக் முகவரிக்கு ஐபியைக் கொடுக்க வேண்டும் என்று நாமே எழுதலாம். தானாகக் கண்டுபிடிக்க விட்டால் முதல் பொட்டலத்தை அனுப்பும் கருவியை அது பிடித்துக்கொள்ளும். எழுதி வைத்தாலோ, இடையில் என்ன செருகினாலும் ரவுட்டருக்கு மட்டுமே முகவரி போகும். இரண்டு, புனையப்படும் சப்நெட்டை எப்படி அமைப்பது என்பதையும் தேர்ந்தெடுக்கலாம்: இருப்பதிலேயே சிறிய சப்நெட்டைத் தானே தேர்ந்துகொள்ளும் முறை, ஒரே முகவரிக்கான மாஸ்க்கோடு 10.177 வரிசையிலிருந்து கேட்வே கொடுக்கும் முறை என இரண்டு உண்டு. இரண்டாவது முறையில் ஐபி மாறினாலும் கேட்வே மாறுவதில்லை. ஆனால் கேட்வே தன் சப்நெட்டுக்கு வெளியே இருப்பதை ஏற்காத வீட்டு ரவுட்டர்கள் உள்ளன. அத்தகைய ரவுட்டர் வைத்திருப்பவர்கள் முதல் முறையிலேயே இருக்க வேண்டும். மற்ற மோடங்கள் ஒரு சுவிட்சுக்குப் பின்னால் மறைத்துவிடும் முடிவுகள் இவை. இங்கே அவை நம் கண்முன் இருக்கின்றன.

குறைகளும் உண்டு. பாஸ்த்ரூ போட்டுவிட்டால், முகவரியைப் பெற்ற ரவுட்டரின் வழியாக மோடத்தின் நிர்வாகப் பக்கத்தை அடைய முடியாது. நிறுவனத்தின் கையேடே இதைச் சொல்லி, அதே கேபிளில் தனி விலான் (ஒரே கேபிளில் ஓடும் தனி வலையமைப்பு) ஒன்றை அமைத்துக்கொள்ளச் சொல்கிறது. ஓப்பன்டபிள்யூஆர்டியில் அதைப் பத்து நிமிடத்தில் செய்துவிட்டேன். கடையில் வாங்கும் சாதாரண ரவுட்டரில் வான் பக்கத்தில் இன்னொரு விலானை நினைத்தபடி சேர்க்கப் பெரும்பாலும் இடமிருக்காது. அவர்கள் இரண்டாவது ஈதர்நெட் துளையிலிருந்து இன்னொரு கேபிளை இறக்க வேண்டியிருக்கும். அந்த இரண்டு துளைகளும் 100 மெகாபிட் வேகம் மட்டுமே கொண்டவை என்பதும் எனக்கு உறுத்துகிறது. மோடம் ஏட்டளவில் 300 வரை இறக்கக்கூடியது. எங்கள் டவரில் அந்த எல்லையை எட்டியதே இல்லை என்பதால் நடைமுறையில் இழப்பு இல்லை, நகரத்தில் இருப்பவர்கள் யோசிக்க வேண்டும்.

ஐபி முகவரியின் புதிய வடிவமான ஐபிவி6 தனியாகக் கவனிக்க வேண்டியது. மொபைல் வலையமைப்பு பொதுவாக ஒரே ஒரு 64 பிட் முன்னொட்டைத் (முகவரிகளின் பொதுவான முன்பகுதி) தருகிறது. பிரிட்ஜுக்குப் பின்னால் அது ரவுட்டரின் வான் துளையோடு நின்றுவிடும், வீட்டுக் கருவிகளுக்குப் பங்கிட எதுவும் மிஞ்சாது. இரு பக்கங்களுக்கும் இடையில் கேள்வி பதில்களைக் கடத்திவிடும் ரிலே முறையை ரவுட்டரில் இயக்கியோ, 2014-இல் வந்த ஆர்எஃப்சி 7278 என்ற இணைய நெறி ஆவணம் சொல்வதுபோல அதே முன்னொட்டை உள்வலைக்கு நீட்டித்தோ இதைச் சரிசெய்யலாம். நான் ரிலே முறையில் இருக்கிறேன்.

பிரிட்ஜ் மோட் போட்டால் வெளியிலிருந்து கேமராவை நேரடியாகத் திறந்துவிடலாம் என்று எண்ணி இதை வாங்குபவர்கள் ஒன்றை முதலில் பார்த்துவிட வேண்டும். ரவுட்டரின் வான் முகவரி 100.64-இலிருந்து 100.127 வரையான வரிசையில் இருந்தால், அது 2012-இல் மொபைல் நிறுவனங்கள் போன்றோர் பெரிய அளவில் செய்யும் முகவரி மாற்றத்துக்காகவே (NAT; பலரை ஒரே முகவரிக்குப் பின்னால் வைப்பது) ஒதுக்கப்பட்ட வரிசை. உலகத்துக்குத் தெரியும் முகவரி வேறு. 10 என்று தொடங்கினாலும் நிலைமை அதுவே. மோடமும் ரவுட்டரும் வீட்டில் செய்யும் இரட்டை முகவரி மாற்றத்தில் ஒன்றை நீக்கியிருக்கிறோம். நிறுவனத்தின் பக்கம் இருப்பது அப்படியே இருக்கிறது, எந்த மோடத்தாலும் அதை அகற்ற முடியாது. நான் வெளியில் வாடகைக்கு எடுத்த சிறு சர்வருக்கு வீட்டிலிருந்தே வயர்கார்டு சுரங்கம் போட்டுக் கேமராவைப் பார்க்கிறேன். யூடியூபும் வாட்ஸாப்பும் மட்டும் பார்க்கும் வீட்டுக்கு இரட்டை முகவரி மாற்றம் ஒரு தொல்லையே அல்ல. அவர்கள் சாதாரண சிம் ரவுட்டரை அதன் இயல்பான முறையிலேயே விட்டுவிடலாம், பணமும் நேரமும் மிஞ்சும்.

எட்டு மாதத்தில் வடகிழக்குப் பருவமழை ஒன்றைப் பெட்டி தாங்கியிருக்கிறது. ஐபி முகவரி எத்தனையோ முறை மாறியிருக்கிறது. ரவுட்டர் ஒவ்வொரு முறையும் ஒரு நிமிடத்துக்குள் புதியதை வாங்கிக்கொண்டதைப் பதிவேட்டில் பார்க்கிறேன். பழைய மோடத்துக்காக எழுதிய பிங் நிரல் இன்னும் ரவுட்டரில்தான் இருக்கிறது, அதற்கு வேலை வரவில்லை. ரவுட்டரை மாற்றும் நாளில் புதிய மேக் முகவரியை மோடத்தில் முதலில் பதிய வேண்டும், இல்லாவிட்டால் இணையம் வராது. அதற்கான விலான் எண்ணையும் நிர்வாக முகவரியையும் ஒரு தாளில் எழுதி, ரவுட்டரின் அடியில் ஒட்டியிருக்கிறேன்.