நத்தாருக்கு வைன்: திருகோணமலை வெக்கையில் காசுக்கு ஏற்றது எது?

பெயரில்தான் ‘வைன் ஸ்டோர்’. உள்ளே போனால் முன்தட்டு முழுக்கச் சாராயமும் பியரும். வைன் ஒரு மூலையில், பெரும்பாலும் நிமிர்த்தியபடி நிற்கும். டிசம்பரில் அங்கிருந்து எடுக்கும் போத்தல் கச்சான் காற்று அடித்த மாதங்களையும் அதே தட்டில் கழித்திருக்கலாம். பல நத்தார், புதுவருடத்துக்கு வாங்கிப் பார்த்ததில் தெளிவானது இதுதான்: இங்கே போத்தலின் பெறுமதியை லேபிளைவிட வெக்கையே தீர்மானிக்கிறது.

வைன் கிடக்க ஏற்ற வெப்பநிலை 12 முதல் 15 பாகை செல்சியஸ். 30 பாகைக்கு மேல் வாரக்கணக்கில் கிடந்தால் பழவாசம் மங்கி, ஜாம் காய்ச்சிய மாதிரி ஒரு மணம் ஏறும். உள்ளிருக்கும் வைன் விரிந்து தக்கையை மேலே தள்ளும், பிறகு காற்று உள்ளே போகும். ஆகவே வாங்கும்போது போத்தலின் வாயைத் தடவிப் பாருங்கள். தக்கை எழும்பியிருந்தாலோ, கழுத்து உறையில் பிசுபிசுப்பு இருந்தாலோ, வைன் மட்டம் பக்கத்துப் போத்தலைவிடத் தாழ்ந்திருந்தாலோ வேண்டாம். மலிவான வெள்ளை வைன் பிளேன்டீ நிறத்துக்கு வந்திருந்தால் அதன் கதை முடிந்தது.

திருகு மூடியைக் கண்டு முகம் சுளிக்கத் தேவையில்லை. நியூசிலாந்து வைன்களில் மிகப் பெரும்பாலானவை திருகு மூடிதான். நிமிர்த்தி வைத்தால் தக்கை காய்ந்து சுருங்கும். திருகு மூடிக்கு அந்தத் தொல்லை இல்லை. கெட்ட தக்கையால் வரும் நனைந்த காட்போட் மணமும் இதில் மிக அரிது.

‘பழசு நல்லது’ என்பது மிகச் சில வைன்களுக்கே பொருந்தும். நத்தாருக்கு வாங்கும் விலையில் வெள்ளையும் ரோசேயும் (இளஞ்சிவப்பு வைன்) 3 வருடத்துக்கு உட்பட்டவையாக இருக்கட்டும். சிலி, தென்னாபிரிக்கா, அவுஸ்திரேலியாவில் அறுவடை பெப்ரவரியிலிருந்து ஏப்ரல் வரை. அதனால் லேபிளில் ஒரே அறுவடை ஆண்டு இருந்தாலும் அவை ஐரோப்பிய வைனைவிட ஏறக்குறைய அரை வருடம் மூத்தவை.

அடித்தட்டு விலையில் வாங்குவது பெரும்பாலும் நட்டம். போத்தல், கப்பல் கூலி, லீற்றர் கணக்கில் விழும் வரி எல்லாம் மலிவானதுக்கும் நடுத்தரத்துக்கும் ஏறக்குறைய ஒன்றுதான். ஒரு படி மேலே போகும்போது கூடுதலாகக் கொடுக்கும் காசில் நல்ல பங்கு வைனுக்கே போகிறது.

இனிச் சாப்பாடு. உறைப்பான நண்டுக்கறிக்கு 14 சதவீத மதுசாரமுள்ள கபர்னே சோவினியோன் என்ற சிவப்பு வைனை வைத்தால் நாக்கு எரியும். மதுசாரமும் துவர்ப்பும் மிளகாயை ஏற்றிவிடும். இலேசான இனிப்புள்ள வெள்ளை வைன்களான ரீஸ்லிங்கோ செனின் பிளாங்கோ அந்த எரிவை அணைக்கும். பொரித்த கணவாய்க்கும் இறாலுக்கும் சிலியின் வெள்ளை வைனான சோவினியோன் பிளாங்க் போதும். அறுக்குளாவோடு சிவப்பு வைன் குடித்தால் வாயில் இரும்புச் சுவை தட்டக்கூடும். சிவப்புத்தான் வேண்டுமென்றால் துவர்ப்புக் குறைந்த பினோ நுவார். நத்தார் கேக்கின் பக்கத்தில் இனிப்பில்லாத எந்த உலர் வைனும் புளிக்கும். அதற்கு இத்தாலியின் இனிப்பான மொஸ்காட்டோ டாஸ்டி; மதுசாரம் 5 சதவீதமளவே.

நுரை வைனில் காசுக்கு மிக நியாயமானது ஸ்பெயினின் காவா. ஷம்பேன் போலவே போத்தலுக்குள் இரண்டாம் முறை நொதித்து, குறைந்தது 9 மாதம் கிடக்கிறது. உள்ளே அமுக்கம் கார் டயரில் உள்ளதைவிட இரண்டு மடங்குக்கு மேல். சூடான போத்தலைத் திறந்தால் பாதி நிலத்துக்குத்தான். நன்றாகக் குளிர்த்தி, தக்கையை இறுகப் பிடித்துக்கொண்டு போத்தலைத் திருப்புங்கள்.

சிவப்பை ‘அறை வெப்பநிலையில்’ குடி என்பார்கள். அது ஐரோப்பியக் கல்வீட்டு அறை, உப்புவெளி விறாந்தை அல்ல. சிவப்புக்கும் பிரிட்ஜில் அரை மணிநேரம் வேண்டும். வெள்ளைக்கு 3 மணிநேரம். பண்டிகை நாளில் பிரிட்ஜில் இடம் கிடையாது என்பது தெரிந்ததே. வாளியில் பாதி ஐஸ், பாதி தண்ணீர், இரண்டு கைப்பிடி உப்பு. 20 நிமிடம் போதும். வெறும் ஐஸ் கட்டிகளுக்கிடையில் காற்றுத்தான் நிற்கும், போத்தல் மெதுவாகவே குளிரும். பிரீசரில் மறந்துவிட்டால் தக்கை கழரும், அல்லது போத்தல் வெடிக்கும்.

கொழும்பிலிருந்து கொண்டு வருபவர்களுக்குப் பெரிய கண்டம் ஹபரணைச் சாப்பாட்டு நிறுத்தம்தான். வெயிலில் நிற்கும் காரின் டிக்கியில் ஒரு மணிநேரம் கிடப்பதும் வைனுக்கு நல்லதல்ல. மீன் ஏற்றும் ரெஜிபோம் பெட்டி நல்ல காவல், மீன் வாடை போகக் கழுவியிருந்தால்.

750 மில்லிலீற்றர் போத்தலில் 5 கிளாஸ். பத்துப் பேருக்கு ஆளுக்கு இரண்டென்றால் 4 போத்தல். போயா தினத்தில் விற்பனை இல்லை, கலண்டரைப் பார்த்து முன்கூட்டியே வாங்குங்கள்.

மிஞ்சியதை மூடி பிரிட்ஜில் வைத்தால் சிவப்பும் வெள்ளையும் 3 நாள் தாங்கும். நுரை வைன் வாயில் கரண்டி செருகுவது வெறும் நம்பிக்கை, இறுக்கும் மூடியே வேலை செய்யும். நாலாம் நாள் சிவப்பு, மாட்டிறைச்சிக் கறிக்கு வினாகிரிக்குப் பதிலாகப் போகட்டும்.