380 வெள்ளி போச்சு: 'மகள்' என்று அடித்தால் 'மக்கள்' என்று வரும் கீபோர்டு

பழைய கீபோர்டு ஒன்றை எனக்கு விற்றவனிடமிருந்து நேற்று இரவுதான் கடைசிப் பதில் வந்தது. "அண்ணே, வித்த பொருளுக்கு நான் பொறுப்பில்ல." அத்தோடு என் எண்ணை முடக்கிவிட்டான். 380 வெள்ளி, அதாவது மலேசிய ரிங்கிட். இங்கே மலேசியாவில், சுங்கை சிப்புட்டில் கல்யாணப் பத்திரிகையும் கோயில் நோட்டீஸும் தட்டச்சு செய்து பிழைப்பவனுக்கு அது சின்னத் தொகை இல்லை. ஆத்திரம் அடங்குவதற்குள் எழுதிவிடுகிறேன்.

விற்ற இடம், பழைய பொருள் கைமாறும் ஒரு கைப்பேசிச் செயலி. பெயர் வேண்டாம். பொருள், நீல சுவிட்ச் போட்ட 104 பொத்தான் மெக்கானிக்கல் கீபோர்டு. ஒவ்வொரு பொத்தானுக்கு அடியிலும் தனி சுவிட்ச் இருக்கும், நீலம் என்றால் அழுத்தும்போது கிளிக் சத்தம் தரும் வகை. "ஆபீஸ்ல ஆறு மாசம்தான் ஓடுச்சு" என்றான்.

நம்ப வைத்தது அவன் அனுப்பிய படம். "கீகேப்பப் பாருங்கண்ணே, ஒரு எழுத்துகூட தேயல." கீகேப் என்றால் பொத்தானின் மேல்மூடி. உண்மைதான், தேயவில்லை. சாதாரண ஏபிஎஸ் பிளாஸ்டிக் மூடியாக இருந்தால் விரல் படும் இடம் எண்ணெய் பூசினது போல் பளபளக்கும். அந்தப் பளபளப்பைப் பார்த்தே ஒரு கீபோர்டு எவ்வளவு உழைத்தது என்று சொல்லிவிடலாம். இதில் அது துளியும் இல்லை, நானும் மயங்கிவிட்டேன். மூடி என்பது சட்டை மாதிரி, ஐந்து நிமிடத்தில் கழற்றிப் புதுசு மாட்டலாம் என்பது தெரிந்தும் மயங்கினேன். பிறகு ஒரு வீடியோ, டக் டக் என்று கிளிக் சத்தம். இப்போது திரும்பப் போட்டுப் பார்த்தால் அவன் தட்டியது முழுக்க வலது ஓரத்து எண் பொத்தான்கள். "நம்ம ஆளு, உங்கள ஏமாத்துவேனாண்ணே? செயலியில போட்டா கமிஷன் போயிரும், நேரா பேங்க்ல போடுங்க." போட்டேன், 380 வெள்ளி.

பொருள் வந்த அன்றே எச், ஜே, என், எம் நான்கும் சரியில்லை. நான் அடிக்கும் தமிழ் 99 விசைப்பலகை முறையில் அவை க, ப, ல, ர. அழுத்தினால் சத்தம் இல்லை, விட்டால் மெதுவாக எழுந்தது. மூடியைப் பிடுங்கிப் பார்த்தால் சுவிட்சைச் சுற்றிப் பழுப்புக் கறை. தே தாரிக், அதாவது இழுத்து ஆற்றிய பால் தேநீர், கொட்டியிருக்கிறது. அதன்மேல் துரு நீக்கும் ஸ்ப்ரே எண்ணெய் அடித்திருக்கிறார்கள், வாடையே சொல்கிறது.

நீல சுவிட்சின் தண்டு ஒரே துண்டு இல்லை. நீலத் தண்டின் மேல் ஒரு வெள்ளைத் துண்டு தனியாக நகரும். செர்ரி நிறுவனத்தின் நீல சுவிட்சில் மொத்த ஓட்டம் 4 மில்லிமீட்டர். ஏறக்குறைய 2.2இல், 60 கிராம் அளவு அழுத்தத்தைத் தாண்டியதும் வெள்ளைத் துண்டு சட்டென்று கீழே பாய்ந்து அடியில் மோதும். கிளிக் சத்தம் அதுதான், விரலுக்குத் தெரியும் அந்த வெட்டும் அதுதான். சர்க்கரையோ எண்ணெயோ நடுவில் புகுந்தால் இரண்டு துண்டும் ஒட்டி ஒன்றாகவே இறங்கும். சத்தம் போய்விடும், வெட்டும் மழுங்கிவிடும். எண்ணெய் அடித்த முதல் சில நாள் பொத்தான் வழுக்கிக்கொண்டு நன்றாகவே போகும். பிறகு தூசி சேர்ந்து களிம்பாகும். அந்தச் சில நாளில்தான் இப்படிப்பட்டவர்கள் விற்றுவிடுகிறார்கள்.

எச் பொத்தானில் இன்னொரு வியாதி. உள்ளே இரண்டு உலோகத் தகடு தொடும்போது சில மில்லிவினாடி துள்ளும். அந்தத் துள்ளலை கீபோர்டின் சில்லு பொறுத்துக்கொள்ளும். தகட்டில் அழுக்குப் படிந்தால் துள்ளல் நீளும், ஒரு தட்டு இரண்டாகப் பதிவாகும். ஆங்கிலத்தில் அடிப்பவருக்கு இது உடனே கண்ணில் படும். தமிழ் 99இல் ஒரே மெய் இரண்டு முறை வந்தால் புள்ளி தானாக விழுமே! 'மகள்' என்று அடித்தால் 'மக்கள்' என்று வந்து நிற்கிறது. இரண்டும் சரியான சொல், எழுத்துப் பிழை பார்க்கும் மென்பொருளும் கண்டுகொள்ளாது. கல்யாணப் பத்திரிகையில் இது அச்சாகியிருந்தால்?

கேட்டதற்கு வந்த பதில்கள் மூன்று. "ஓட ஓட செட் ஆகும்ணே." கிளிக் இல்லாத சிவப்பு, கறுப்பு சுவிட்ச் ஓட ஓட வழவழப்பாகும், அது உண்மை. ஒட்டிப்போன கிளிக் ஓட்டத்தால் திரும்பாது. "உங்க ஊரு ஈரம்ணே." சர்க்கரைக் கறை மழைநாளில் ஈரம் இழுத்து இன்னும் பிசுபிசுக்கும், சரி. ஆனால் சர்க்கரை எங்கிருந்து வந்தது? அவன் இருப்பது கிள்ளானில், அங்கென்ன பாலைவனமா? "தமிழ் சாப்ட்வேர் கோளாறு." ஆங்கிலத்துக்கு மாற்றி எச் ஒரு முறை தட்டினேன், இரண்டு எச் விழுந்தது. அதைப் படமெடுத்து அனுப்பிய பிறகுதான் நேற்றைய அந்தப் பதில்.

செயலிக்காரர்களோ, பணம் வெளியே போனதால் ஒன்றும் செய்ய முடியாது என்று ஒரே வரியில் முடித்துவிட்டார்கள். பயனீட்டாளர் தீர்ப்பாயத்தில் 5 வெள்ளி கட்டி மனுப் போடலாம், ஆனால் அது வணிகர்மேல் போடும் மனு. இவன் தன்னைத் தனியாள் என்கிறான். 380 வெள்ளி அந்தரத்தில் நிற்கிறது.

வாங்குகிறவர்கள் தயவுசெய்து கவனியுங்கள். "5 கோடி தட்டு தாங்கும்" என்ற பேச்சில் மயங்காதீர்கள், அந்தக் கணக்கில் தேநீர் இல்லை. அதிகம் உழைத்த பொத்தானையும் யாருமே தொடாத ஸ்க்ரோல் லாக்கையும் மாற்றி மாற்றி அழுத்துங்கள். இரண்டும் ஒரே மாதிரி இருக்க வேண்டும். சந்தேகம் வந்தால் 20 காசு நாணயங்களை ஒவ்வொன்றாக அடுக்கி, எத்தனையில் இறங்குகிறது என்று இரண்டிலும் எண்ணுங்கள். தமிழ் 99இல் அடித்த கீபோர்டு என்றால் முதலில் எஃப், புள்ளி அங்கேதான். அடியில் கறை இருக்கிறதா என்று பார்க்க ஸ்பேஸ்பார் மூடியைக் கழற்றிக் காட்டச் சொல்லுங்கள். நேரில் பார்க்க முடியாவிட்டால் 104 பொத்தானையும் தட்டி வீடியோ கேளுங்கள். பணம் செயலிக்கு உள்ளேயே.

முழுக்கச் சரிசெய்வதென்றால் சுவிட்சுக்கு 2 கால் வீதம் 208 ஈயப் பற்றை உருக்கிக் கழற்ற வேண்டும், யாருக்கு நேரம்? நாளை ஸ்க்ரோல் லாக், பாஸ் (Pause) இரண்டின் சுவிட்சையும் பிடுங்கி எச், என் இடத்தில் பற்றவைக்கப் போகிறேன். ஜேவுக்கும் எம்முக்கும் எண் பொத்தான் பக்கத்தில் இரண்டு பலி.