பல் வலிக்கவே இல்லை, எலும்பு மட்டும் கரைந்திருந்தது

பையனின் முன்பல்லுக்கு ரூட் கெனால் செய்ய இந்த கிளினிக்குக்குப் போனோம். பள்ளியில் படிக்கும்போது கிரிக்கெட் பந்து பட்ட பல். அப்போது உடையவும் இல்லை, ஆடவும் இல்லை. கல்லூரிக்குப் போன பிறகு சாம்பல் நிறமாக மாறியது. ஈறில் ஒரு சின்னக் கொப்புளம். அமுக்கினால் சீழ் வரும், அடங்கும், மறுபடி வரும். வலி துளிகூட இல்லை. முதலில் காட்டிய வேறொரு இடத்தில் மாத்திரை கொடுத்தார்கள், சரியாகாவிட்டால் பிடுங்கிவிட்டு இம்ப்ளான்ட் வைத்துக்கொள்ளலாம் என்றார்கள்.

இங்கே டாக்டரம்மா எடுத்ததும் எக்ஸ்ரே எடுக்கவில்லை. சில்லென்ற பஞ்சைப் பக்கத்துப் பற்களில் வைத்துவிட்டு அப்புறம் இதில் வைத்தார். இதில் மட்டும் உணர்வே இல்லை, அதாவது பல் உள்ளே செத்துப்போயிருந்தது. பிறகு கொப்புளத்தின் ஓட்டைக்குள் நூல் போன்ற ரப்பர் குச்சி ஒன்றை மெதுவாக நுழைத்து, அதோடு எக்ஸ்ரே எடுத்தார். படத்தில் அந்தக் குச்சி நேராக வேர் நுனிக்குப் போய் நின்றது. அங்கே மிளகு அளவில் ஒரு கறுப்பு வட்டம், எலும்பு கரைந்த இடம்.

நான் பிளஸ் டூவுக்கு உயிரியல் எடுப்பவள் என்று தெரிந்ததும் விளக்கம் நீண்டது, எனக்கும் அதுதான் வேண்டியிருந்தது. "டீச்சர், கிருமி எலும்பைத் தின்னலை. கரைக்கிறது தம்பியோட உடம்புதான்" என்றார். செத்த பல்லுக்குள் ரத்த ஓட்டம் கிடையாது. அதனால் வெள்ளணுக்களும் உள்ளே போக முடியாது, மாத்திரை மருந்தும் போய்ச் சேராது. கிருமிகள் பத்திரமாக உட்கார்ந்துகொண்டு வேர் நுனி வழியாக நச்சைக் கசியவிடும். வெளியே வெள்ளணுக்கள் திரண்டு அழற்சி உண்டாகும். அவை அனுப்பும் வேதிச் செய்திகள் எலும்பைக் கரைக்கும் ஆஸ்டியோகிளாஸ்ட் செல்களைத் தூண்டிவிட, சுற்றியுள்ள எலும்பு கரைந்து பின்வாங்கும். அந்த இடத்தைத்தான் அழற்சித் திசு நிரப்பிக்கொள்கிறது.

அடிபட்டு இறந்த பல் எல்லாமே இப்படி ஆகுமா என்று கேட்டேன். 1976-இல் ஸ்வீடனில் சண்ட்குவிஸ்ட் என்பவர் இதையே ஆராய்ந்திருக்கிறாராம். வெளியே முழுசாக இருந்து உள்ளே செத்துப்போன பற்களை எடுத்துப் பார்த்ததில், எலும்பு கரைந்திருந்த பற்களில்தான் கிருமி இருந்தது. கிருமி புகாத பல் செத்தாலும் எலும்புக்கு ஒன்றும் ஆகவில்லை. எனாமலில் கண்ணுக்குத் தெரியாத விரிசல் போதும், உள்ளே நுழைந்துவிடும். ஆக, உள்ளே சுத்தம் செய்தால் எலும்பு தானே வளரும் என்றார்.

வேலையும் சுத்தம். வாயை ரப்பர் ஷீட்டால் மூடி அந்த ஒரு பல்லை மட்டும் வெளியே நீட்டவிட்டார், எச்சில் உள்ளே போகக்கூடாதாம். கழுவிய திரவத்தில் பிளீச்சிங் பவுடர் வாடை. பிறகு சில வாரம் உள்ளே வைத்திருந்த மருந்து கால்சியம் ஹைட்ராக்சைடு, அதாவது சுண்ணாம்பு. இதைக் கேட்ட பிறகுதான் என் மாமியாருக்கு டாக்டர் மேல் நம்பிக்கையே வந்தது. அடுத்த முறை போவதற்குள் கொப்புளம் மூடியிருந்தது. ஒரு வருடம் கழித்து எடுத்த எக்ஸ்ரேயில் கறுப்பு வட்டம் மங்கி, பெரும்பகுதி எலும்பு நிரம்பியிருக்கிறது.

ரூட் கெனாலுக்கு 5,500 ரூபாய். "பின்பக்கம் சின்ன ஓட்டைதான், கேப் வேண்டாம்" என்று அவரே சொல்லிவிட்டார். இந்த நேர்மைக்கே ஐந்து நட்சத்திரம் கொடுத்திருப்பேன். ஆனால் பல்லை வெள்ளையாக்க உள்ளே வைத்த பிளீச்சுக்குத் தனிக் கட்டணம் என்பதை பில் போடும்போதுதான் சொன்னார்கள். ஆறு மணி அப்பாயின்ட்மென்ட் என்றால் ஏழரைக்குத்தான் கூப்பிடுவார்கள், அதுவரை டிவியில் சீரியல் அலறும். அதனால் நான்கு.

முதல் மாடி, லிஃப்ட் இல்லை. முட்டிவலிக்காரர்களை அழைத்துப் போவதானால் முன்கூட்டியே போன் செய்யுங்கள். பழைய எக்ஸ்ரே இருந்தால் கையோடு எடுத்துப் போங்கள், பக்கத்தில் வைத்து ஒப்பிட்டுக் காட்டுகிறார்.