கவுன்சிலிங் சீட்டா, கலைக் கல்லூரியா?

எங்கள் தெருவில் ஒரு கொத்தனார் அண்ணன். மகளின் பிளஸ் டூ மதிப்பெண் பட்டியலை மஞ்சப்பையில் போட்டுக்கொண்டு வந்து, "இன்ஜினியரிங்கா, ஆர்ட்ஸா, எந்தக் காலேஜ்ல காசு கம்மி?" என்று கேட்டார். மொத்தக் கட்டணம் எவ்வளவு என்று சொல்லிவிடலாம். ஆனால் அன்றாடக் கூலியில் ஓடும் வீட்டுக்கு, எந்த மாதம் எவ்வளவு எடுத்துவைக்க வேண்டும் என்பதுதான் கணக்கு.

இருப்பதிலேயே நல்லது அரசுப் பள்ளி மாணவர்களுக்கான 7.5 சதவீத ஒதுக்கீடு. 2020-இல் மருத்துவத்துக்கு வந்தது, அடுத்த ஆண்டே பொறியியல், வேளாண்மை, சட்டம் என்று விரிந்தது. இதில் சீட் கிடைத்தால் கல்விக் கட்டணம், விடுதிக் கட்டணம் எல்லாம் அரசே கட்டிவிடும். ஆனால் ஆறிலிருந்து பன்னிரண்டு வரை அரசுப் பள்ளியில் படித்திருக்க வேண்டும். இந்தப் பெண் எட்டு வரை படித்தது உதவிபெறும் பள்ளியில். அங்கும் அதே சத்துணவு, அதே இலவசப் புத்தகம்தான். ஆனாலும் சலுகை போச்சு.

அடுத்தது, குடும்பத்தில் முதன்முதலாகப் பட்டம் படிக்கப் போகிறவருக்கான முதல் பட்டதாரி சலுகை. தனியார் பொறியியல் கல்லூரியில் கவுன்சிலிங் சீட்டுக்கு, அதாவது அரசுக் கலந்தாய்வில் கிடைக்கும் இடத்துக்கு, 2017-இல் நிர்ணயித்த கட்டணம் ஆண்டுக்கு 50,000, என்.பி.ஏ. என்ற தர அங்கீகாரம் உள்ள படிப்புக்கு 55,000. சலுகையில் 25,000 கழியும். மிச்சம் இருபத்தைந்தாயிரமோ முப்பதாயிரமோதானே என்று தோன்றும். அதன் மேல் காலேஜ் பஸ், தேர்வுக் கட்டணம், லேப் கோட்டு என்று ஒவ்வொன்றாக ஏறும். போதாததற்கு, சில கல்லூரிகள் முழுத் தொகையையும் முதலில் வாங்கிக்கொண்டு, அரசுப் பணம் வந்ததும் தருகிறோம் என்பார்கள். அந்த 25,000-ஐ இடையில் புரட்டுவது கந்துவட்டிக்காரரிடம்தான்.

இதைவிடப் பெரிய குழி, கல்லூரியே நேரடியாகத் தரும் மேனேஜ்மென்ட் சீட். ரிசல்ட் வந்த வாரமே ஏஜென்ட் வீட்டுக்கு வந்து, "ஐயாயிரம் அட்வான்ஸ் போடுங்க, சீட் உறுதி" என்பார். அதே கல்லூரி, அதே வகுப்பறைதான். ஆனால் கவுன்சிலிங் வழியாகப் போகாததால் முதல் பட்டதாரி சலுகை கிடையாது, கட்டணமும் அதிகம். கவுன்சிலிங்கில் எளிதாகக் கிடைத்திருக்கும் சீட்டுக்கு இப்படிக் கூடுதலாகக் கட்டுகிறவர்கள் பெரும்பாலும் விவரம் தெரியாத ஏழைகள்தான்.

அரசு கலைக் கல்லூரியில் இந்தத் தொல்லை இல்லை. கல்விக் கட்டணமே கிடையாது, மற்றவை சில ஆயிரத்தில் முடிந்துவிடும். பெண்பிள்ளைக்கு டவுன் பஸ்ஸும் இலவசம். கல்லூரிக்குப் போகும் பெண்களுக்கு அரசு தரும் புதுமைப்பெண் திட்டத்தின் மாதம் 1,000 ரூபாய் 2024-25 முதல் உதவிபெறும் பள்ளியில் தமிழ் வழியில் படித்தவர்களுக்கும் உண்டு, அது எந்தக் கல்லூரியானாலும் வரும். கலைக் கல்லூரியில் அது கைச்செலவுக்கு மிஞ்சும், பொறியியலில் பஸ் கட்டணத்துக்கே பத்தாது.

வங்கிக் கடன்? 4 லட்சம் வரை ஈடு கேட்கக் கூடாது. குடும்ப வருமானம் 4.5 லட்சத்துக்குள் இருந்தால், படிக்கும் காலத்துக்கும் அதன்பின் ஓராண்டுக்கும் வட்டியை மத்திய அரசு ஏற்கும். ஆனால் கல்லூரிக்கு நாக் என்ற தர அங்கீகாரமோ படிப்புக்கு என்.பி.ஏ. அங்கீகாரமோ வேண்டும். அதனால் அங்கீகாரம் உள்ள படிப்புக்கு ஐயாயிரம் கூடுதலாகக் கொடுப்பது நஷ்டமில்லை என்பேன்.

என் கருத்தைச் சொல்லிவிட்டேன்: கவுன்சிலிங்கில் அங்கீகாரம் உள்ள படிப்பு கிடைத்தால் போகட்டும். கிடைக்காவிட்டால், பேருக்கு ஒரு இன்ஜினியரிங் கல்லூரியைவிட அரசு கலைக் கல்லூரியில் கணிதம் படிப்பதே மேல். அண்ணன் இரண்டுக்கும் விண்ணப்பம் போடச் சொன்னார். இ-சேவை மையத்தில் முதல் பட்டதாரி சான்றுக்குப் பதிந்தபோது, மூத்த பையன் என்ன படித்திருக்கிறான் என்று கேட்டார்கள். "ஐ.டி.ஐ. தான்" என்று சொல்லிவிட்டு, "அது பட்டத்துல சேராதுல்ல?" என்று என்னைப் பார்த்தார். சேராது என்றதும்தான் அவர் முகம் தெளிந்தது.