லண்டன் அஞ்சல் அருங்காட்சியகம்: சுரங்க ரயிலும் அலுவலகக் கடிதங்களும்

லண்டனில் ஃபேரிங்டன் ரயில் நிலையத்திலிருந்து நடந்தே சென்றுவிடக்கூடிய மவுண்ட் பிளசன்ட் பகுதியில், 2017ஆம் ஆண்டு திறக்கப்பட்ட அஞ்சல் அருங்காட்சியகம் இருக்கிறது. நிலத்தடியில் ஓடும் 'மெயில் ரயில்' பயணமே அதன் முதன்மையான ஈர்ப்பு. அந்தப் பயணம் நன்றாகத்தான் இருக்கிறது. ஆனால் ரயிலுக்காக மட்டும் சென்று திரும்புவோர், ஒரு தபால் துறை எத்தனை விசித்திரமான காரியங்களை எத்தனை பொறுப்போடு செய்திருக்கிறது என்பதை அறியாமலேயே வந்துவிடுவார்கள் என்பது என் கருத்து.

முதலில் ரயிலைப் பற்றிச் சொல்லிவிடுகிறேன். இருபதாம் நூற்றாண்டின் தொடக்கத்தில் லண்டன் சாலைகளின் நெரிசலிலும் பனிப்புகையிலும் தபால் வண்டிகள் சிக்கித் தாமதமானதால், பாடிங்டனிலிருந்து ஒயிட்சாப்பல் வரை சுமார் 10.5 கிலோமீட்டர் நீளத்துக்குச் சுரங்கம் தோண்ட முடிவு செய்யப்பட்டது. முதல் உலகப் போர் குறுக்கிட்டதால், தோண்டி முடித்த சுரங்கத்தில் தண்டவாளம் போட முடியாமல் போயிற்று. அந்த இடைக்காலத்தில் தேசிய உருவப்பட அரங்கம், டேட் கலைக்கூடம் ஆகியவற்றின் ஓவியங்கள் குண்டுவீச்சுக்குத் தப்ப அங்கே வைக்கப்பட்டிருந்தன. 1927 டிசம்பரில்தான் ரயில் ஓடத் தொடங்கியது. சுமார் 21 மீட்டர் ஆழத்தில், இரண்டடி அகலத் தண்டவாளத்தில், ஓட்டுநரே இல்லாமல் மின்சாரத்தில் ஓடிய அந்த ரயில்கள் எட்டு நிலையங்களுக்கு இடையே கடித மூட்டைகளைக் கொண்டுசென்றன. சாலைவழிப் போக்குவரத்தைவிடச் செலவு பல மடங்கு அதிகம் என்று சொல்லப்பட்டு, 2003 மே மாதம் சேவை நிறுத்தப்பட்டது.

இப்போது பார்வையாளர்களுக்காகவே செய்யப்பட்ட பேட்டரி ரயிலில், சுமார் ஒரு கிலோமீட்டர் தூரத்தைக் கால் மணி நேரத்தில் சுற்றிக் காட்டுகிறார்கள். அங்கே பணியாற்றிய பொறியாளர் ஒருவரின் குரல் வழிநெடுகிலும் விளக்கம் சொல்கிறது. வெறிச்சோடிய நடைமேடைகளின் சுவர்களில் பழைய நாட்களின் காட்சிகளைப் படரவிட்டிருக்கும் விதம் எனக்கு மிகவும் பிடித்திருந்தது. பயணம் முடிந்ததும், நிலத்தின்மேல் ஓடிய தபால் ரயில்களில் பயணம் செய்தபடியே கடிதங்களை ஊர்வாரியாகப் பிரித்து அடுக்கியவர்களின் வேலையை, ஆடும் தரைமேல் நின்று நாமே செய்து பார்க்கலாம். குழந்தைகளை அங்கிருந்து கிளப்புவது எளிதன்று.

சாலையைக் கடந்தால் கண்காட்சிக் கூடம். காற்றழுத்தத்தால் குழாய்க்குள் தள்ளப்பட்ட 1863ஆம் ஆண்டின் தபால் பெட்டி வண்டி ஒன்று அங்கே இருக்கிறது. அந்தத் திட்டத்தை நடத்திய நிறுவனத்தின் தலைவரான பக்கிங்காம் பிரபு, 1865இல் தாமே அப்படியொரு வண்டியில் ஏறிக் குழாய் வழியாகப் பயணம் செய்திருக்கிறார். மிச்சமாகும் நேரம் சொற்பம் என்று தெரிந்ததும் தபால் துறை அதைக் கைவிட்டது.

இந்த அருங்காட்சியகத்தின் ஆவணக் காப்பகத்தைப் பற்றித்தான் நான் விரிவாகச் சொல்ல விரும்புகிறேன். 1868இல் லண்டன் மணியார்டர் அலுவலகத்தில் எலிகள் காகிதங்களைக் கடித்துக் குதறியதால், பூனைகளை வளர்க்க நிதி கேட்டு அந்த அலுவலகத் தலைவர் மேலிடத்துக்கு எழுதினார். கேட்டது வாரத்துக்கு இரண்டு ஷில்லிங். கிடைத்தது ஒரு ஷில்லிங். மூன்று பூனைகளை ஆறு மாதம் தகுதிகாண் காலத்தில் வைத்துக்கொள்ளலாம், ஊதியத்தின் மீதியை அவை எலி பிடித்தே ஈட்டிக்கொள்ள வேண்டும் என்று துறைச் செயலரே முறைப்படி ஆணையிட்டார். பூனைகள் நன்றாகவே வேலை செய்தன. 1873இல் படியும் உயர்ந்தது. அந்த வழக்கம் இருபதாம் நூற்றாண்டிலும் தொடர்ந்தது: தலைமையகத்தில் பணியாற்றிய டிப்ஸ் என்ற பூனை பத்துக் கிலோவுக்கும் மேல் எடையுள்ளது, 1964இல் அது இறந்தபோது துறையின் இதழ் இரங்கல் செய்தி வெளியிட்டது. பொதுப் பணத்தில் ஒரு ஷில்லிங்கைக்கூடக் கணக்கின்றிக் கொடுக்க மறுத்த அந்தக் கறாரை நான் மனதாரப் போற்றுகிறேன். பூனைக்கான செலவையும் கோப்பில் ஏற்றிய அலுவலகம்தான், ஏழையின் கடிதத்தையும் தவறாமல் கொண்டு சேர்க்கும்.

அதே விதிமுறைகளைப் பெண்ணுரிமைப் போராளிகள் எப்படிப் பயன்படுத்தினார்கள் என்பது இன்னும் வியப்பானது. ஒரு மனிதரைத் தூதுப்பையன் துணையோடு ஓரிடத்துக்கு அழைத்துச் செல்லும் விரைவுச் சேவை அன்றைய தபால் துறையில் இருந்தது. 1909 பிப்ரவரி 23 அன்று, வாக்குரிமை கோரிய டெய்சி சாலமன், எல்ஸ்பெத் மக்லெலண்ட் என்ற இருவரும் மூன்று பென்ஸ் கட்டணம் செலுத்தி, பிரதமர் ஆஸ்குவித்தின் டவுனிங் தெரு முகவரிக்குத் தங்களையே அனுப்பிக்கொண்டார்கள். தந்திப் பையன் அவர்களை வாசல் வரை கொண்டுபோய்ச் சேர்த்தான். உள்ளிருந்த அதிகாரியோ அவர்களைப் பெற்றுக்கொள்ள மறுத்துவிட்டார். சேர்ப்பிக்க முடியாத கடிதங்களாக அவர்கள் திருப்பி அனுப்பப்பட்டார்கள்.

தபால் பெட்டிகளின் வரிசையையும் விட்டுவிடாதீர்கள். பிரிட்டனின் தபால் பெட்டி தொடக்கத்திலிருந்தே சிவப்பாக இருந்ததில்லை. 1859 முதல் அவற்றுக்குப் பச்சை வண்ணம்தான் பூசினார்கள். அவை எங்கே இருக்கின்றன என்றே தெரியவில்லை என்று மக்கள் முறையிட்டதால் 1874இல் சிவப்புக்கு மாறத் தொடங்கினார்கள். 1840இல் வெளியான பென்னி பிளாக் தபால்தலையின் முழுத் தாள்களும் இங்கே உள்ளன. அதுவரை தூரத்தையும் தாள்களின் எண்ணிக்கையையும் பொறுத்துக் கட்டணம் விதித்து, அதைப் பெரும்பாலும் பெறுபவரிடமே வசூலித்தார்கள் என்பதை மனத்தில் வைத்துக்கொண்டு பார்த்தால், ஒரு பென்னிக்கு நாட்டின் எந்த மூலைக்கும் கடிதம் போகும் என்ற ஏற்பாடு எத்தகைய மாற்றம் என்பது விளங்கும்.

செல்ல நினைப்போருக்கு இரண்டு யோசனைகள். ரயில் பெட்டிகள் சரக்குச் சுரங்கத்தின் அளவுக்கேற்பத் தாழ்வாகவும் குறுகலாகவும் இருப்பதால், உயரமானவர்களும் முழங்கால் வலி உள்ளவர்களும் சிரமப்படக்கூடும். ஏற முடியாதவர்கள் நடைமேடையிலிருந்தே காட்சிகளைப் பார்க்கத் தனி ஏற்பாடு உண்டு. ரயிலுக்கு நேரம் குறித்து முன்பதிவு செய்யும்போது, அதற்கு இரண்டு மணி நேரம் முன்பே போய்க் கண்காட்சிக் கூடத்தை நிதானமாகப் பார்த்துவிடுவது நல்லது.